எதிர்க்கடை வாசலில் நின்ற கார்

கண்ணாடியார் தம் வாழ்க்கையின் மாபெரும் முடிவுகளையெல்லாம் முகச்சவரம் செய்யும்போதுதான் எடுப்பார். முகத்தில் பாதி நுரையும் கையில் கத்தியுமாக நிற்கிற மனிதரோடு யாரும் வாதாட வரமாட்டார்கள் என்பது ஒரு காரணம். எதிரே கண்ணாடியில் தெரிகிற ஆள் எதற்கும் தலையாட்டுவார் என்பது இன்னொரு காரணம்.

அன்று காலை எடுத்த முடிவை உரக்கவே அறிவித்தார்.

"இந்தக் குடியிருப்புக்கு ஒரு கண் வேணும்!"

"ரெண்டு கண்ணு இருக்கறவங்களே ஒழுங்காப் பார்க்கறதில்லை. காதுகிட்ட நுரை அப்படியே இருக்கு, துடைங்க" என்றாள் மனைவி, குளியலறை வாசலில் துண்டோடு நின்றபடி.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் ஊர் அவரைக் கண்ணாடியார் என்றது. சொந்தப் பேர் கடைப் பலகையில் மட்டும் இருந்தது. அவர் மனைவி பிசியோதெரபிஸ்ட். காலையில் ஆஸ்பத்திரி. மத்தியானத்தில் வீடு வீடாகப் போய், படுத்தவர்களை எழுப்பி, எழுந்தவர்களை நடக்க வைப்பாள். எப்பேர்ப்பட்ட பிடிவாதமான முழங்காலாக இருந்தாலும் மடக்கிவிடுவாள். கணவரை மடக்குவது அவளுக்கு ஓய்வுநேர வேலை.

கண்ணாடியாரின் ஆவேசத்துக்குக் காரணம் இருந்தது. குடியிருப்பில் நிறுத்தியிருந்த கார்களிலிருந்து பக்கக் கண்ணாடிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. சக்கரம் போயிருந்தால்கூட அவர் பொறுத்திருப்பார். போனது கண்ணாடி. தம்மைத் தனிப்பட்ட முறையில் யாரோ சவாலுக்கு அழைப்பதாகவே எடுத்துக்கொண்டார். போதாக்குறைக்குக் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

"உள்ளே வர்ற, வெளியே போற ஒவ்வொரு வண்டியோட நம்பர் பிளேட்டையும் படிக்கற கேமரா வந்திருக்கு. முன்வாசல்ல ஒண்ணு, பின்தெரு முனையில ஒண்ணு. திருடன் நம்பர் கையில மாட்டும்."

"பக்கக் கண்ணாடி கழட்டறவன் கார்லயா வருவான்? நடந்து வந்து, கழட்டி, சட்டைக்குள்ள போட்டுக்கிட்டு நடந்தே போயிருப்பான். நடக்கறவன் முதுகுல நம்பர் பிளேட் இருக்கா?"

கண்ணாடியார் தாடையில் லேசாகக் கீறிக்கொண்டார்.

"நீ எதுக்குப் பயப்படறே? தப்பு செய்யாதவங்க எதுக்கு மறைக்கணும்?"

"குளிக்கும்போது கதவைச் சாத்திக்கறீங்களே, உள்ளே என்ன தப்பு பண்றீங்க?"

"அது வேற!"

"எல்லாம் அதேதான். என் கார் எந்த வாசல்ல நிக்குதோ அந்த வீட்டுல யாருக்கோ முடியலைன்னு அர்த்தம். அதை நான் வாயால சொன்னா என் வேலையே போயிடும். உங்க கேமரா சொன்னா அதுக்குப் பேர் பாதுகாப்பா?"

இதற்குப் பதில் இருந்தது. ஆனால் அது மறுநாள் சவரத்தின்போதுதான் அவருக்குத் தோன்றியது. அதற்குள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

சங்கக் கூட்டம் கூடியது. கேமரா கம்பெனியிலிருந்து வந்த இளைஞன் டை கட்டிக்கொண்டு திரையில் படம் படமாகக் காட்டினான். இருட்டில் தெரியும், மழையில் தெரியும், சேறு அப்பியிருந்தாலும் தெரியும் என்றான். பக்கத்து வீட்டுத் தையலக்கா எழுந்தார். குடியிருப்பில் பாதிப் பேரின் சட்டை அளவு அவருக்குத் தெரியும். யார் இடுப்பு எவ்வளவு பெருத்தது என்று இன்றுவரை ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை.

"தம்பி, பிடிக்கற நம்பரையெல்லாம் எத்தனை நாள் வச்சிருப்பீங்க?"

"தேவைப்படற வரைக்கும், மேடம்."

"யாருக்குத் தேவைப்படற வரைக்கும்?"

இளைஞன் அடுத்த படத்துக்குப் போய்விட்டான்.

சங்கத் தலைவர் கறாரான மனிதர். ஓய்வுபெற்ற துறைமுக அதிகாரி. நின்றால் கொடிக்கம்பம், நடந்தால் அணிவகுப்பு. அவர்தான் சமாதானமாக ஒரு வழி சொன்னார். அடுத்த பொதுக்கூட்டம் வரை கேமரா சோதனைக்கு இருக்கட்டும். பிறகு கையைத் தூக்கி முடிவு செய்வோம். திருட்டு நடந்தால் மட்டும் பதிவைத் தேடலாம். தேடும் பொறுப்பு செயலாளருடையது.

கண்ணாடியார் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு முழங்கினார். "என் சொந்தக் காரியத்துக்காக ஒரு தடவைகூட அதைத் திறக்க மாட்டேன். இது என் கண் மேல சத்தியம்!"

கைதட்டல். மனைவி மட்டும் தட்டவில்லை. பின்வரிசையில் தையலக்காவோடு சேர்ந்து, எதிர்ப்புக் கையெழுத்துக்கு யார் யார் வீட்டுக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தாள்.

கேமராக்கள் கம்பத்தில் ஏறின. முன்வாசல் கேமராவைப் பொருத்தும்போது கண்ணாடியார் கீழே நின்று, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம், இன்னும் கொஞ்சம்" என்று திருப்பச் சொன்னார். சாலைக்கு அந்தப் பக்கம் எதிர்க்கடை இருந்தது. கண்ணாடியாரின் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது; ஆகவே எதிரே இருப்பதால் அந்தப் பேர் வரவில்லை, எதிரி வைத்திருப்பதால் வந்தது. அவனும் மூக்குக்கண்ணாடி வியாபாரிதான். போன வருஷம் குளிர்சாதனமும் பளபளப்புமாகக் கடை திறந்து, கண்ணாடியாரின் வாடிக்கையாளர்களைக் கொத்துக் கொத்தாக அள்ளிக்கொண்டிருந்தான். கேமராவின் பார்வையில் குடியிருப்பின் வாசலோடு எதிர்க்கடையின் வாசலும் முழுசாக விழுந்தது. திருடன் அங்கேயும் வண்டியை நிறுத்தலாம் அல்லவா என்று கண்ணாடியார் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். தாமே கேட்டு, தாமே நம்பினார்.

சத்தியம் இரண்டு வாரம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை.

அன்று மத்தியானம் கடையில் ஈ கூட இல்லை. கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்து அடுக்கி, அடுக்கியதைக் கலைத்து மறுபடி துடைத்தாயிற்று. மூலையில், கேமராப் பதிவுகள் வந்து விழும் கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டிருந்தது. வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டியது செயலாளரின் கடமைதானே? தம் ஸ்கூட்டர் நம்பரையே போட்டுப் பார்த்தார். காலையில் வெளியே போனது வந்தது, படத்தோடு. பிரமாதம்! தையலக்காவின் தம்பி நம்பரைப் போட்டார். வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினவன் அரை மணியில் திரும்பியிருந்தான். "அடடே!" என்றார். இரண்டாவது மாடிக்காரர், மூலை வீட்டுக்காரர், பூங்கா பக்கத்து வாத்தியார் என்று ஒருவர் விடாமல் போட்டார். பொழுது போனதே தெரியவில்லை.

கடைசியில் விரல்கள் தாமாகவே மனைவியின் கார் நம்பரை அடித்தன.

அடித்துவிட்டு வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. ஆனாலும் எழுந்துபோய்க் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தார். நல்ல காரியம் செய்கிற மனிதன் கதவைச் சாத்துவானா என்ற நினைப்பு வந்தது. அதையும் சேர்த்துச் சாத்தினார்.

புதன்கிழமை மத்தியானம், பின்தெரு முனை. அதற்கு முந்தின புதனும் அங்கேதான்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மெதுவாக ஆரம்பித்தார்.

"புதன்கிழமை மத்தியானமெல்லாம் உனக்கு எங்க வேலை?"

"ஆஸ்பத்திரிலதான். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

"நீங்க சும்மா எதையும் கேக்க மாட்டீங்களே."

கண்ணாடியாருக்குச் சோறு இறங்கவில்லை. கிட்டப்பார்வைக்கு அவரிடம் கண்ணாடி இருந்தது. தூரப்பார்வைக்கும் இருந்தது. சந்தேகப் பார்வைக்கு மட்டும் எந்தச் சட்டமும் பொருந்தவில்லை. பின்தெருவில் இருப்பதே பத்துப் பன்னிரண்டு வீடுகள். அதில் யார் வீடு? நேராகக் கேட்கலாம்தான். கேட்டால், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பாள். கேமராவைத் திறந்ததை ஒப்புக்கொள்ள வேண்டிவரும்.

மனம் தாங்காமல் தலைவரிடம் போனார். தலைவர் அதே பின்தெருவில் தனியாக வசித்தவர். வராந்தாவில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"சார், வெளியே சொல்ல வேண்டாம். கேமராவுல ஒரு விஷயம் பார்த்தேன். என் வீட்டுக்காரி புதன்கிழமை ஆனா இந்தத் தெருவுக்குள்ள வர்றா. என்கிட்ட ஆஸ்பத்திரின்னு பொய் சொல்றா."

தலைவரின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. "இந்தத் தெருவுக்கா?"

"ஆமா சார். நீங்க ஏதாவது பார்த்தீங்களா?"

"நான் ஜன்னல் பக்கமே போறதில்லை."

"யார் வீடுன்னு கண்டுபிடிக்காம விடப்போறதில்லை. கம்பெனிக்காரன்கிட்ட சொல்லித் தெரு நடுவுல இன்னொரு கேமரா வச்சிட்டா எந்த வாசல்னே தெரிஞ்சிடும். அப்புறம் ஊருக்கே தெரியட்டும்!"

தலைவரின் முகம் வெளுத்துப்போனது. தம் குடும்பத் துயரம் இவ்வளவு பெரிய மனிதரை இப்படி உலுக்குகிறதே என்று கண்ணாடியாரின் நெஞ்சு நெகிழ்ந்தது. "நீங்க மனசைத் தளர விடாதீங்க சார்" என்று அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த புதன் பின்தெருவில் கார் தென்படவில்லை. கண்ணாடியார் வெற்றிப் புன்னகையோடு கதவைத் திறந்து வைத்து வியாபாரம் பார்த்தார். அது மறுநாள் மத்தியானம் வரைதான். மறுநாள் அந்தக் கார் வேறோர் இடத்தில் நின்றது.

எதிர்க்கடை வாசலில்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அதே நம்பர், அதே நசுங்கிய பம்பர். வெள்ளிக்கிழமையும் அங்கேயே நின்றது. சனிக்கிழமையும் நின்றது, அதுவும் நிழலாகப் பார்த்து.

மனைவி வேறோர் ஆணைத் தேடிப் போயிருந்தால் கண்ணாடியார் அழுதிருப்பார், மன்னித்தும் இருக்கலாம். வேறொரு கண்ணாடிக் கடைக்குப் போவதை எப்படி மன்னிப்பது? கல்யாணமான நாளிலிருந்து அவள் மூக்கில் உட்கார்ந்ததெல்லாம் அவர் கையால் தேய்த்த கண்ணாடிகள். அவளுடைய இடது கண்ணின் ஏற்ற இறக்கம் அவருக்கு மனப்பாடம்.

"உன் கண்ணு எப்படி இருக்கு?" என்றார் அன்று.

"இருக்கு. ரெண்டும்."

"கண்ணாடி சரியா இருக்கா? மங்கலா, கிங்கலா?"

"நல்லாத் தெரியுது. நீங்க ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுக்கறதுகூடத் தெரியுது."

பொதுக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் நிறைந்திருந்தது. நாற்காலி போதாமல் சிலர் ஜன்னல் ஓரமாக நின்றார்கள். கண்ணாடியார் மூன்று நாள் தூங்காத கண்களோடு மேடையேறினார். நன்றாகவே பேசினார். சோதனைக் காலத்தில் ஒரு பக்கக் கண்ணாடிகூடத் திருட்டுப் போகவில்லை என்றார். ஆகவே பதிவுகளைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை என்றார். தலைவர் பக்கத்து நாற்காலியில் மேசையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

பின்வரிசையில் மனைவி எழுந்தாள்.

"செயலாளர் ஐயாகிட்ட ஒரு கேள்வி."

ஐயா என்றதும் சிரிப்பு எழுந்தது. கண்ணாடியாரும் சிரித்து வைத்தார்.

"சொந்தக் காரியத்துக்கு ஒரு தடவைகூட நீங்க யார் நம்பரையும் தேடலையா?"

"இல்லை."

"உங்க மனைவி நம்பரைக்கூட?"

மறுபடி சிரிப்பு. கண்ணாடியார் ஒலிபெருக்கியை உதட்டருகே கொண்டுபோனார். "என் மனைவி எங்க போறா, வர்றான்னு பார்க்க எனக்கு எந்தக் கேமராவும் வேண்டாம். குடும்பம்னா நம்பிக்கை!"

நல்ல கைதட்டல். இம்முறை அவளும் தட்டினாள். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"ரொம்ப சந்தோஷம். ஏன்னா எல்லாரும் என்கிட்ட கேக்கறாங்க, இவ்வளவு எதிர்க்கறியே, நீ அப்படி எங்கதான் போறேன்னு. நான் எங்கயும் போகலை. இந்த வியாழன், வெள்ளி, சனி மூணு நாளும் மத்தியானம் வீட்டை விட்டு அசையலை."

கண்ணாடியார் ஒலிபெருக்கியை இறுகப் பிடித்தார்.

"ஜன்னலோரமா உட்கார்ந்து படிச்சிக்கிட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பண்ணிக்கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கிட்டு."

ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஒண்ணு சொல்றேன், இந்த ஊர்ல வேற எந்தக் கடைக் கண்ணாடியும் என் மூக்குல ஏறாது. வேற கடை வாசல்ல நான் கால் வச்சதே..."

"பொய்!"

ஒலிபெருக்கி அதை நான்கு சுவர்களிலும் அடித்து, திருப்பி அவர் காதிலேயே கொண்டுவந்து போட்டது. நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை.

"பச்சைப் பொய்! மூணு நாளும் மத்தியானம் எதிர்க்கடை வாசல்லதான் நின்னே! வியாழக்கிழமை வெயில்ல நிறுத்தினே, சனிக்கிழமை நிழல்ல நிறுத்தினே! இல்லேன்னு சொல்லு பார்ப்போம்!"

மண்டபம் மொத்தமும் மேடையிலிருந்து பின்வரிசைக்குத் திரும்பியது.

மனைவி குரலை உயர்த்தவே இல்லை. "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

கண்ணாடியார் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். கடைசியாக அவர் தேர்ந்தெடுத்த வார்த்தை, "யாரோ சொன்னாங்க."

தையலக்கா எழுந்தார். மூக்கின் மேல் புத்தம் புதுக் கண்ணாடி மின்னியது. "இவங்க வீட்டுலதான் இருந்தாங்க. காரை நான்தான் வாங்கிட்டுப் போனேன். முதல் நாள் கண் பரிசோதனை, மறுநாள் சட்டம் பார்க்க, அதுக்கு மறுநாள் வாங்கிட்டு வர. கேமராவுக்கு நம்பர்தானே தெரியும், உள்ள யார் உட்கார்ந்திருக்காங்கன்னு தெரியாதே."

"அக்கா, நீங்க என் கடைக்கு வந்திருக்கலாமே!" கண்ணாடியாருக்கு அந்த நேரத்திலும் வியாபாரம்தான் வாயில் வந்தது.

"வந்திருப்பேன். வந்தா என் பவர் என்னன்னு நீங்க தெருவுக்கே சொல்லிடுவீங்க. போன வருஷம் வாத்தியாருக்கு வலது கண்ணு சரியில்லைன்னு நீங்க சொல்லித்தான் எங்களுக்கெல்லாம் தெரியும்."

ஜன்னலோரம் நின்ற வாத்தியார் தரையைப் பார்த்தார். கண்ணாடியாருக்கு முகம் எரிந்தது. அதை அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பேச்சுவாக்கில் சொன்னது. பேச்சுவாக்கில் தாம் இத்தனை பேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறோம் என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இன்னொண்ணு" என்றார் தையலக்கா. "நம்ம வாசலுக்கு வச்ச கேமராவுல எதிர்க்கடை வாசல் எப்படித் தெரியுது?"

பதில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் யாரும் காத்திருக்கவில்லை. இரண்டாவது மாடிக்காரர் எழுந்து, "செயலாளர் சார், என் நம்பரையும் பார்த்தீங்களா?" என்று மெல்லக் கேட்டார். மூலை வீட்டம்மாள், "எங்களுதும் பார்த்தீங்களா?" என்றார். தையலக்காவின் தம்பி கேட்கவில்லை, தலையை மட்டும் தூக்கிப் பார்த்தான்.

கண்ணாடியார் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார். "பார்த்தேன்" என்றார். அது முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. முன்வரிசை பின்வரிசைக்குச் சொன்னது.

திட்டியிருந்தால் நிமிர்ந்து நின்று பதில் சொல்லியிருப்பார். யாரும் திட்டவில்லை. தலைவர் மேசையை ஊன்றி மெதுவாக எழுந்து, "கேமராவை எடுத்துடலாங்கறவங்க கையைத் தூக்குங்க" என்றார். முதலில் தூக்கியது அவருடைய கைதான். பிறகு மண்டபம் முழுவதும் தூக்கியது. கண்ணாடியாரும் தூக்கினார். எந்தப் பக்கம் என்று யோசிக்கவில்லை. எல்லோரும் தூக்கும்போது தம் கை மட்டும் கீழே கிடப்பதைப் பார்க்க அவருக்கே தாங்கவில்லை.

கூட்டம் கலைந்தது. அவரைச் சுற்றி நாற்காலிகளை மடித்து அடுக்கினார்கள். அவர் நின்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடுக்கினார்கள். வாத்தியார் போகும்போது தம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டி ஒருதரம் அவரைப் பார்த்துவிட்டுப் போனார். அது கண்ணாடியாரின் கடையில் வாங்கியது. அத்தனை தெளிவாகத் தெரியும்படி தேய்த்துக் கொடுத்தோமே என்று கண்ணாடியார் வருந்தினார்.

வீட்டில் மனைவி சாதாரணமாகச் சாப்பாடு போட்டாள். கோபமாகத் தட்டைப் போட்டிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"ஏம்மா, எதிர்க்கடை வாசல்ல காரை நிறுத்தித் தூண்டில் போட்டு, அத்தனை பேர் முன்னாடி இப்படிப் பண்ணலாமா? தனியாக் கேட்டிருக்கலாமே."

"தனியாக் கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

கண்ணாடியார் யோசித்தார். பொய் சொல்லும் தெம்பு தீர்ந்துபோயிருந்தது. "மாட்டேன்."

"அதான்."

"நான் பார்த்தேன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க ஒரு விஷயத்தை ஒருத்தர்கிட்ட சொன்னா அது அவரோட நின்னிருக்கா, எப்பவாவது?"

தலைவர்! கண்ணாடியாருக்குச் சுருக்கென்றது. நம்பிச் சொன்னால் இப்படியா?

"சரி, நான் பார்த்தது தப்பு. சத்தியத்தை மீறினது தப்பு. எல்லாம் தப்பு. இப்பவாவது சொல்லு. பின்தெருவுல யார் வீட்டுக்குப் போனே?"

"சொல்ல மாட்டேன்."

"நான் உன் புருஷன்."

"எனக்கு. அந்த வீட்டுக்காரங்களுக்கு இல்லையே."

பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள். "ஆஸ்பத்திரின்னு உங்ககிட்ட பொய் சொல்றது எனக்கும் பிடிக்கலை. ஆனா உண்மையைச் சொன்னா அது உங்க கடை வழியா ஊருக்குப் போகும். நானும் வேற என்ன பண்ணட்டும்?"

குரலில் கிண்டல் இருந்ததா என்று தேடினார். இல்லை. வருத்தம்தான் இருந்தது. கண்ணாடியார் அன்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மண்டபத்தில் "பொய்!" என்று கத்தினதை மனசுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு தரமும் முன்னைவிட உரக்கக் கேட்டது.

காலையில் கேமராக்களைக் கழற்றினார்கள். ஏணியைப் பிடிக்க ஆள் இல்லாததால் செயலாளரே பிடித்தார். எதிர்க்கடைக்காரன் தன் வாசலில் நின்று மரியாதையாகக் கும்பிட்டான். அதையும் வாங்கிக்கொண்டு, கேமராப் பெட்டியின் சாவியைத் தலைவரிடம் ஒப்படைக்கக் கிளம்பினார். சாவியைக் கொடுக்கும் சாக்கில் நறுக்கென்று நான்கு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று வழிநெடுகத் தயார் செய்துகொண்டே போனார்.

தலைவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்த கண்ணாடியார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

கூடத்துத் தரையில் நீளமாக ஒரு வெள்ளை நாடா ஒட்டியிருந்தது. கொடிக்கம்பம் மாதிரி நிற்கிற தலைவர், அணிவகுப்பு மாதிரி நடக்கிற தலைவர், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அந்த நாடாவின் மேல் அடிமேல் அடி வைத்து வந்துகொண்டிருந்தார். தலையை இடப்பக்கம் திருப்பினார். வலப்பக்கம் திருப்பினார். மறுபடி இடப்பக்கம் திருப்பியபோது கால் பின்னியது. கண்ணாடியார் சாவியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவரைத் தாங்கிப் பிடித்தார்.

"தலை சுத்தல்" என்றார் தலைவர். "போன வருஷத்துலேர்ந்து. எழுந்தா சுத்தும், திரும்பினா சுத்தும். உங்க வீட்டம்மா புதன்கிழமை வந்து நடக்கப் பழக்கினாங்க. நல்லாத்தான் ஆகிக்கிட்டு வந்துது. நடுவுல நிறுத்தினதுல மறுபடி சுத்துது."

"ஏன் சார் நிறுத்தினீங்க?" என்று கேட்ட பிறகுதான் கண்ணாடியாருக்குப் பதில் தெரிந்தது.

"தெரு நடுவுல கேமரா வைக்கறேன்னீங்களே. இந்த ஊர்ல நேரா நடக்கற மனுஷன்னு எனக்கு ஒரு பேர் இருக்கு. தனியா இருக்கறவனுக்கு அதுதான் துணை. அவங்களை வர வேண்டாம்னு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டாங்க. சொல்ல வேண்டியதாப் போச்சு. கேமராவைக் கொண்டுவந்தவனே நான்தான், உங்களை மட்டும் என்ன சொல்றது?"

வழிநெடுகத் தயார் செய்த நான்கு வார்த்தைகளும் எங்கோ போய்விட்டன. கண்ணாடியாருக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது. தரையில் அந்த வெள்ளை நாடா இருந்தது. மன்னிப்புக் கேட்க நினைத்தார். அதைச் சொல்லவும் அந்த வாயைத்தானே திறக்க வேண்டும் என்று பயமாக இருந்தது. பேசாமல் தலைவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இருவருமாக நாடாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார்கள். திரும்பினார்கள். மறுபடி நடந்தார்கள்.

"வெளியே யாருக்கும்..." என்று தலைவர் இழுத்தார்.

கண்ணாடியார் சத்தியம் செய்யக் கையைக் கண்வரை கொண்டுபோனார். தம் சத்தியத்துக்கு ஊரில் இப்போது என்ன மதிப்பு என்பது நினைவுக்கு வந்து, கையைக் கீழே இறக்கினார். "புதன்கிழமை அவ வருவா சார். வேற நாள்ல நான் வந்து பிடிச்சுக்கறேன்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது தையலக்கா எதிரே வந்தார். "என்ன, பின்தெரு பக்கம்?" என்றார். கண்ணாடியாரின் நாக்கு நுனியில் முழு விஷயமும் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டார். "சும்மாதான் அக்கா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு சங்கதியை முழுசாக விழுங்கியிருந்தார். வயிறு கனத்தது. ஆனால் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

மனைவி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு நேரம் எங்க போயிருந்தீங்க?"

"பூங்கா வரைக்கும். சும்மா ஒரு நடை."

"யாரையாவது பார்த்தீங்களா?"

"ஒருத்தரையும் பார்க்கலை."

"தையலக்காகிட்டகூட ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு?"

அவள் கார்ச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். தலைவர் போனில் முந்திக்கொண்டுவிட்டார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. கண்ணாடியார் பெருமையும் வெட்கமுமாக, பாராட்டுக்குக் காத்திருந்தார்.

"இந்த வாயை நேத்து மண்டபத்துல இதே மாதிரி மூடி வச்சிருந்தீங்கன்னா, நாங்க தோத்திருப்போங்க" என்று சொல்லிவிட்டு அவள் காரை எடுத்துக்கொண்டு போனாள்.